சீட் கொஞ்சம் கெட்டி

நாகலெட்சுமியின் மூச்சுக்கு விலை இரண்டேகால் லட்சம் ரூபாய். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்று காலை ஆறரை மணிக்கு வார்டில் நர்ஸ் அவள் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டபோது, அவள் புருசன் சோலைமலை மனதுக்குள் போட்ட கணக்கு அது. எட்டு மணிக்கு ஹட்டன் கடைவீதியில், செபமாலையின் மலர்ச்சாலைக்குள் நின்று ஒரு சவப்பெட்டியின் மூடியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தபோதும் அந்தத் தொகை மாறவில்லை.

தட்டிப் பார்க்காமல் அவர் எதையும் வாங்கியதில்லை. மரக்கறி மொத்த வியாபாரத்தில் முப்பது வருடம். பூசணிக்காயைத் தட்டுவார், தண்ணீர்த் தொட்டியைத் தட்டுவார், கதவு நிலையைத் தட்டுவார். மணி பத்து என்று யாராவது சொன்னால் ஒன்பதரைக்குத் தர முடியாதா என்று கேட்பார் என்று கடைவீதியில் அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே அவர்தான் என்றும் சொல்வார்கள். அப்படி ஒரு பெயர் இருந்தால் எதிராளி பாதி வழி தானாகவே இறங்கி வருவான்.

"என்னா வெல?"

"பெட்டி, வேன், ஒடம்பு கெடாம எம்பாம், எல்லாம் சேத்து தொண்ணூறு," என்றார் செபமாலை. சொல்லிவிட்டு மேசைமேல் கையை ஊன்றி, எதிர்ப்பேச்சுக்குத் தயாராக நின்றார்.

சோலைமலை சட்டைப் பையிலிருந்து ஐயாயிரம் ரூபாய்த் தாள்களை எடுத்து, பதினெட்டை எண்ணி மேசைமேல் வைத்தார்.

செபமாலை அதைத் தொடவில்லை. நாகலெட்சுமியின் தம்பி அழகுமுத்து பக்கத்தில் வந்து காதோடு சொன்னான்: "மச்சான், பேசுங்க."

"பேசியாச்சு."

"ஒன்னுமே பேசலியே."

"பேசியாச்சுன்னு சொல்றேன்ல."

செபமாலை கொஞ்ச நேரம் பணத்தையும் அவர் முகத்தையும் பார்த்தார். பிறகு மூன்று தாள்களைப் பிரித்து அவர் பக்கமாகத் தள்ளினார்.

"இது என்னா?"

"நீங்க எப்பிடியும் கொறைப்பீங்கன்னு பதினஞ்சு ஏத்திச் சொன்னேன், சோலமல. இப்பிடிப் பேசாம எடுத்து வச்சா நான் என்னா செய்யிறது? சாவு வீட்டுக் காசு. என்னையப் பாவத்துல மாட்டி விட்டுறாதீங்க."

சோலைமலை அந்த மூன்று தாள்களையும் எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார். வாயைத் திறக்காமலே பதினைந்தாயிரம் குறைந்திருந்தது. வாழ்நாளில் அவர் செய்த சுத்தமான பேரம் அதுதான்.

அவர்கள் வீடு டவுனிலிருந்து மூன்று கிலோமீட்டர். அதில் கடைசி இருநூறு கஜம் தவிர மற்றதெல்லாம் நல்ல தார் ரோட்டு. அந்த இருநூறு கஜம் மட்டும் தோட்டத்துப் பாதையிலிருந்து பிரிந்து, ஏணியைச் சாய்த்து வைத்ததுபோல் மேலே போகும். கொங்கிரீட் போட்டிருக்கிறார்கள், வருடத்தில் எட்டு மாதம் அதன்மேல் பாசி. பத்து வருடத்துக்கு முன் அந்தப் பதினாலு பேர்ச்சஸ் காணியைச் சோலைமலை அண்டை அயலில் விற்ற விலையில் பாதிக்கு முடித்தார். ஏத்தம், அதனாலதான் பாதி என்று வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்வார். விருந்தாளி மூச்சிரைத்தபடி தலையாட்டுவார்.

போன வருடம் நாகலெட்சுமிக்கு இருதயம் வீங்கியிருப்பதாக டொக்டர் சொன்னார். கால் வீங்கியது. ஏத்தம் ஏறக்கூடாது என்றார். வியாழக்கிழமைதோறும் கிளினிக். இறங்கும்போது அவளுக்குத் தொல்லை இல்லை. திரும்பி வரும்போது ஆட்டோக்காரன் அடியில் இறக்கிவிடுவான். "பாசி வழுக்குதுங்க" என்பான். கடை லொறியும் ஈரத்தில் ஏறாது. அவள் நடப்பாள். மூன்று இடத்தில் நிற்பாள். முதலில் பாறைத் தண்ணீர் தகரக் குழாயில் விழும் பீலிக்கரை. அடுத்தது லைட் போஸ்ட். கடைசியாக சவுக்கு மரம். அந்த ஏற்றத்தில் கால் பாவி நிற்க மட்டமான இடம் அந்த மூன்றுதான்.

கொழும்பில் வேலை பார்க்கும் மகள் சுலக்ஷனா ஜூன் மாதம் போனில் சொன்னாள்: "அப்பா, அந்த ஏத்தத்துல ஏறுற மாதிரி ஒரு வண்டி வாங்குங்க. ஃபோர்வீல்."

கடைவீதி சிரித்தது. டவுனுக்குப் போய் வர, ஆஸ்பத்திரிக்குப் போய் வர, ஃபோர்வீல் எதற்கு? ஒரே மாதிரி சின்ன ஜீப்பில் முன் சக்கரம் மட்டும் இழுப்பதற்கும் நாலு சக்கரமும் இழுப்பதற்கும் பதினொரு லட்சம் வித்தியாசம். எண்ணெயும் கூடக் குடிக்கும். சோலைமலை அதையும் கணக்குப் பார்த்தார். இருநூறு கஜத்துக்குப் பதினொரு லட்சம் என்றால் ஒரு கஜத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு. "போகட்டும்," என்றார். அவர் கஞ்சன் இல்லை. அதை அவருக்காக யாராவது சொல்லத்தான் வேண்டும்.

வாகனப் புரோக்கர் ரொஷான் மூன்று வண்டி காட்டினான். முதலாவது கார். நாகலெட்சுமி உட்கார்ந்துவிட்டாள், எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு சோலைமலை கடை டேப்பை எடுத்துக்கொண்டு போனார். தரையிலிருந்து அவள் இடுப்பு இருபத்தேழு அங்குலம். "துணியா தைக்கப் போறீங்க?" என்றாள் அவள். இரண்டாவது பார்க்க ஜீப்தான்; ஆனால் முன் சக்கரம் மட்டும் இழுப்பது. பின்னால் இரண்டு சீனி மூட்டை ஏற்றி ஈரத்தில் விட்டுப் பார்த்தார். லைட் போஸ்டடியில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது.

மூன்றாவது வெள்ளை நிறம். சின்னது, நாலு சக்கரமும் இழுக்கும், கடைவீதியில் ஒரு ஆட்டோ நிறுத்துகிற இடத்தில் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் நின்றுவிடும். சீட் உயரம் இருபத்தாறரை.

அதை ஒரு வியாழக்கிழமை, கிளினிக் வாசலுக்கே ரொஷானைக் கொண்டுவரச் சொன்னார். அவன் வருவதற்கு முன் நாகலெட்சுமியிடம் சொல்லி வைத்தார்:

"அவன் முன்னுக்கு நல்லாருக்குன்னு சொல்லிப்புடாத. நல்லாருக்குன்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா அப்பறம் ஒரு ரூவா எறங்க மாட்டான். ஏதாச்சும் ஒரு கொற சொல்லு."

"என்னா கொற சொல்லட்டும்?"

"நீயே பாத்துச் சொல்லு."

வண்டி பாசிமேல் ஏறியது. சத்தம்கூட மாறவில்லை. நாகலெட்சுமி ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். பீலி போனது. போஸ்ட் போனது. சவுக்கு மரம் போனபோது தலையைத் திருப்பி, அது பின்னால் போய்ச் சின்னதாகிற வரைக்கும் பார்த்தாள். வீட்டு வாசலில் கால் தானாகவே தரையில் பட்டது.

"எப்பிடிங்க அக்கா?" என்றான் ரொஷான்.

அவள் அவசரப்படவில்லை. சீட்டை ஒருமுறை கையால் அமுக்கிப் பார்த்தாள்.

"சீட் கொஞ்சம் கெட்டி."

சோலைமலைக்கு உள்ளுக்குள் கை தட்டவேண்டும்போல் இருந்தது. முப்பது வருடம் கடையில் உட்கார்ந்தவன்கூட அப்படி ஒரு முகத்தோடு சொல்லமாட்டான். ரொஷானின் முகம் வாடியது. எழுபத்தெட்டு லட்சத்தில் தொடங்கியவன் எழுபத்தாறேகாலில் வந்து நின்றான். எழுபத்திரண்டில் தொடங்கிய சோலைமலை எழுபத்தி நாலில் நின்றார். நடுவில் இரண்டேகால். சோலைமலை திரும்பி வீட்டுக்குள் நடந்தார். கடையை விட்டு இறங்கி நடந்தால் நாலாவது எட்டில் கூப்பிடுவார்கள். அவர் மெதுவாகத்தான் நடந்தார். ஐந்தாவது எட்டில் வண்டி இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

"கூப்புடுவான்," என்றார்.

அன்று சாயங்காலம் நாகலெட்சுமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: "நெசமாவே கெட்டியா?"

"கொற சொல்லச் சொன்னீங்க. சொன்னேன்."



ரொஷான் கூப்பிடவில்லை. வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், விலை விழப் போகிறது என்று கடையில் பேசிக்கொண்டார்கள். முதலில் போன் எடுக்கிறவன் தோற்றவன். சோலைமலை பொறுத்திருந்தார். பதினொரு வியாழக்கிழமை பொறுத்திருந்தார். பதினோராவது வியாழக்கிழமை நாகலெட்சுமி பீலியில் நின்றாள், போஸ்டில் நின்றாள், சவுக்கு மரத்தடியில் வேர்மேல் உட்கார்ந்தாள். எழும்பவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, தோட்டத்துப் பாதையில் வந்த தேயிலைக் கொழுந்து லொறியில், பச்சைக் கொழுந்துச் சாக்குகளுக்கு மேல் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. சோலைமலை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று போனை எடுத்தார்.

"யாருக்கு?"

"ரொஷானுக்கு. அந்த வண்டிய முடிச்சிருவோம்."

"வைங்க." ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் நின்று நின்று வந்தாள். "நீங்க கூப்புட்டா... ஏத்துவான். அவனே... வருவான்."

அவர் போனைப் பைக்குள் வைத்தார். அது அவரைக் கிண்டல் செய்ததா, அவருக்குக் கைகொடுத்ததா என்று யோசிக்க அவருக்கு இரண்டு நாள் இருந்தது. யோசித்து முடிவதற்குள் ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது.

மலர்ச்சாலை வேன் பன்னிரண்டு மணிக்கு ஏற்றத்தின் அடிக்கு வந்தது. தூறிக்கொண்டிருந்தது. டிரைவர் இரண்டு முறை முயன்றான். முன் சக்கரம் பாசியைச் சீவி எறிந்துவிட்டுப் பின்னால் வழுக்கியது.

"எறக்குங்க," என்றான் அழகுமுத்து. "தூக்கிருவோம்."

கீழ் லயத்துத் தொழிலாளர் வீடுகளிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். சாக்குத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கினார்கள். சோலைமலை பின்னால் நடந்தார்.

பீலிக்கரையில் முன்னால் போனவன் நின்றான். "தோள் மாத்து."

இடது தோள்காரர்கள் வலதுக்கு மாறினார்கள். தகரக் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சோலைமலையும் நின்றார்.

"ம், போவோம்."

லைட் போஸ்டடியில் நின்றார்கள். ஒருவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். சவுக்கு மரத்தடியில் நின்றபோது, இடையில் தோள் கொடுத்திருந்த அழகுமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா இம்புட்டுக் கனமாவா இருந்துச்சு?" என்றான். அவர்கள் அந்த மூன்று இடத்திலும் நின்றதற்கு ஒரு காரணமும் இல்லை. அங்கேதான் மட்டமாக இருந்தது.

வீட்டுக்குள் விளக்கேற்றி வைத்துப் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கினார்கள். முற்றத்தில் மழைக்குத் தறப்பாள் கட்டினார்கள். அதன் கீழே, காவல் இருக்க வந்த பையன்கள் பொழுதுபோகக் காய் சுண்டும் கரம் பலகையைப் போட்டு மாவு தூவினார்கள். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்ட ரொட்டி எங்கிருந்தோ வந்தது. அடக்கம் நாளைக்கு மூன்று மணிக்கு என்று முடிவாயிற்று.

சோலைமலை தறப்பாள் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கணக்கெழுதும் சின்னக் கொப்பியை எடுத்தார். வண்டி பேசிய பக்கம் அதில் இருந்தது. இடது பக்கம் 76.25. வலது பக்கம் 74. கீழே வித்தியாசம்: 2,25,000.

பதினொரு வியாழக்கிழமை. ஏற்றத்துக்கு மூன்று தடவை நின்றது. முப்பத்து மூன்று. இறங்குவது கணக்கில் வராது. இறங்கும்போது அவள் நின்றதில்லை. இரண்டேகால் லட்சத்தை முப்பத்து மூன்றால் வகுத்தார். மிச்சம் வந்தது. கொஞ்ச நேரம் கரம் பலகையில் காய் மோதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இன்றைய மூன்றையும் சேர்த்தார். முப்பத்தாறு. வகுத்தார். ஆறாயிரத்து இருநூற்றைம்பது. சரியாகப் போனது. மிச்சம் ஒரு சதம் இல்லை.

அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒரு தடவை நின்றதற்கு ஆறாயிரத்து இருநூற்றைம்பது. பெரிய தொகை, கேவலமான தொகை, ஆனாலும் தொகை. தொகை என்று ஒன்று இருந்தால் ஆள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு மிச்ச நாளைத் தள்ளிவிடலாம்.

அப்போது கீழே வண்டிச் சத்தம் கேட்டது. ஏற்றத்தில் அது மாறும் என்று அவர் காது காத்திருந்தது. மாறவில்லை. பீலி, போஸ்ட், சவுக்கு மரம், எல்லாம் ஒரே சத்தத்தில். வெள்ளை ஜீப் முற்றத்தில் வந்து நின்றது.

சுலக்ஷனா இறங்கினாள். ரயிலில் வந்தவளை ஸ்டேஷனில் கண்டு ரொஷான் ஏற்றி வந்திருந்தான். அவள் உள்ளே ஓடவில்லை. கதவைப் பிடித்தபடி வண்டிக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இதுதானா அது?"

"எது?"

"அம்மா சொன்ன வண்டி. ஜன்னலுக்கு மேல கைப்பிடி இருக்கு, அதுல ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்குன்னு சொன்னாங்க. வாரா வாரம் போன்ல சொல்வாங்க."

சோலைமலை கதிரையிலிருந்து எழும்பினார். "என்னா சொல்லுவா?"

உள்ளேயிருந்து ஒப்பாரி உயர்ந்தது. அவள் அந்தப் பக்கம் போனாள்.

ரொஷான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

"மனசுக்கு சரியில்லீங்க, மொதலாளி," என்றான். "அக்காவுக்குன்னு கண்டியில ஒரு வண்டி பாத்து வச்சிருந்தேன். சீட் மெத்துன்னு. அடுத்த வாரம் கொண்டாந்து காட்டலாம்னு."

"வேற வண்டியா?"

"இது அக்காவுக்குப் புடிக்கலைல்ல. கெட்டின்னாங்க. நோயாளி மனுசிக்குப் புடிக்காத சாமான தலையில கட்டலாமா? அதான் நான் இதப் பத்திக் கூப்புடவே இல்ல."

சோலைமலை கொப்பியை மூடி, மறுபடியும் திறந்தார்.

"அந்த ரெண்டேகால்..."

"அதென்னாங்க மொதலாளி ரெண்டேகால். கண்டிக்கும் ஹட்டனுக்குமா நான் அலஞ்ச எண்ணெய்க் காசே அதுல ஒரு பங்கு போயிருச்சு. எழுபத்தி நாலுக்கு நான் அன்னைக்கே சாவியக் குடுத்திருப்பேன். அக்கா வாய்லேருந்து புடிச்சிருக்குன்னு ஒரு வார்த்த வந்திருந்தா போதும்."

"வந்திருந்தா ஏத்தியிருப்ப."

ரொஷான் அவரைப் பார்த்தான். "என்னா மொதலாளி, அவங்கக்கிட்டயா?"

அவன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நாகலெட்சுமியைப் பார்க்க உள்ளே போனான்.

தூறல் நின்றிருந்தது. பையன்களில் ஒருவன் சிவப்புக் காயைக் குழிக்குள் தள்ளிவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தான். சோலைமலை எழும்பி ஜீப்புக்குப் பக்கத்தில் போனார். முன் கதவு திறந்திருந்தது. அவள் உட்கார்ந்த சீட்டை விரல் முட்டியால் தட்டப் போனவர், கையை விரித்து ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். கையை எடுத்தவுடன் அது பழையபடி உப்பி வந்தது.

கொப்பியை வண்டியின் முன் தட்டில் வைத்துப் பேனாவைத் திறந்தார். 76.25ஐ அடித்தார். 74ஐ அடித்தார். 2,25,000த்தின் மேல் ஒரு கோடு போட்டார். 6,250த்தின் மேலும் ஒரு கோடு. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் 36 மட்டும் இருந்தது. அதற்கு எதிராக எழுத ஏதாவது இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஒன்று இருந்தது. வரவுப் பக்கத்தில் எழுதினார்: வியாழன், ஒரு நாள், வண்டியில் நிற்காமல் வந்தது. 3.

கழித்தார்.

பாக்கி 33.

கணக்கை முடிக்கிற கோட்டைக் கீழே போடாமல் பேனாவை மூடினார்.